தரை தட்டாத முயல்கள்

கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கும் நாச்சிமுத்து, மூடி போட்ட கூடையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். தன் வீட்டு முயலுக்குத் தானே பயப்படும் மனிதரின் முகத்தைக் கால்நடை மருத்துவர் தாரணி அந்த மாதத்தில் ஒன்பதாவது முறையாகப் பார்த்தாள்.

“பாப்பாவக் கடிச்சுப்போடுச்சுங்க, டாக்டரம்மா. ஆள்காட்டி விரல்ல நாலு தையல். ஸ்கூல் வேன் வர்றதுக்கு முன்னால கன்னத்தத் தடவிக் குடுத்திருக்கறா. தெனமும் செய்யறதுதானுங்க. வெடுக்குனு கவ்விருச்சு.”

“அதுக்கு முன்னால ஏதாவது செஞ்சுதா? பின்னங்கால்ல தரையத் தட்டறது, காத மடக்கறது, ஓடறது?”

“ஒண்ணுமே இல்லீங்க. பொம்மையாட்டம் உக்காந்திருந்துச்சாம். அதுதானுங்க எனக்குப் பகீருங்குது. நாயின்னா உறுமும். பாம்புகூடச் சீறும். இது சாந்தமா மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கடிக்குதுங்களே!”

தாரணி மூடியைத் திறந்தாள். வெள்ளை முயல். அரைத்த மாவைக் கொட்டி வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. பெயரும் மாவுதான். நாச்சிமுத்துவின் எட்டு வயது மகள் யாழிசை வைத்த பெயர். இடது காதின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்த தாரணி ஒரு கணம் நின்றாள். பச்சை மையில் ஏழு என்று எண் குத்தியிருந்தது. அவளே குத்திய எண். அவள் உருவாக்கிய ‘சாந்தம்’ மருந்தை முதன்முதலில் பெற்று, சோதனை முடிந்ததும் வீடுகளுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்ட பன்னிரண்டு முயல்களில் ஒன்று. மற்ற பதினொன்றும் வயதாகியும் சீக்கு வந்தும் போய்ச் சேர்ந்துவிட்டன.

அந்த மருந்துக்குக் காரணம் தீபாவளி. கோயம்புத்தூரின் அடுக்குமாடி வீடுகளில் முயல் வளர்ப்பது பரவிய காலத்தில், ஒவ்வொரு தீபாவளிக்கும் மறுநாள் காலை தாரணியின் மருத்துவமனை வாசலில் செருப்புக் கடை அட்டைப்பெட்டிகளுடன் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். புதுச்சட்டை போட்ட குழந்தைகள் அழுதுகொண்டிருப்பார்கள். பெட்டிக்குள் முயல் விறைத்துக் கிடக்கும். ஒரு காயம் இருக்காது. ஆயிரம் வாலா வெடித்திருக்கும். பயத்திலேயே இதயம் நின்றிருக்கும். இல்லையென்றால் கூண்டுக்குள் உதைத்த உதையில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொண்டிருக்கும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் முப்பத்தொரு பெட்டிகள். அன்றைக்குத்தான் தாரணி, இனி பிணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

நான்கு ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகு சொட்டு மருந்து வந்தது. மூக்கில் இரண்டு சொட்டு. வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போய், பயத்தைக் கையாளும் இடத்தில் ஒரு மரபணுவின் வாயை மூடிவிடும். முதல் பன்னிரண்டு முயல்களையும் மொட்டை மாடியில் வைத்துச் சுற்றிலும் பட்டாசு வெடித்துப் பார்த்தார்கள். பன்னிரண்டும் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் பின்னங்காலால் தரையைத் தட்டவில்லை. தாரணி அன்று அழுதேவிட்டாள். அடுத்த தீபாவளிக்கு மறுநாள் வாசலில் ஒரு பெட்டிகூட இல்லை.

இப்போது கடி. முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஊரெங்கும். வெறிநோயா என்று பார்த்தாயிற்று, இல்லை. புதுக் கிருமியா என்று ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் பரிசோதித்தாயிற்று, சுத்தம். கடித்த எட்டு முயல்கள் மருத்துவமனையின் பின்கட்டில் கூண்டுகளில் இருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் தொங்கிய அட்டையில் ஒரே வாசகம்: அமைதியாக இருக்கிறது.

“முயல் எளைச்சுப் போயிருக்கிறதா போன்ல சொன்னீங்களே?” என்றாள் தாரணி.

“கொஞ்சமுங்க. கேரட்ட ஒரு பக்கமாவே வெச்சு மெல்லுது. பாப்பாதான் கண்டுபுடிச்சா.”

ஒரு பக்கமாக. தாரணி சிறு விளக்கை எடுத்து முயலின் வாயைத் திறந்தாள். முயலின் பல் நிற்காமல் வளரும். மென்று மென்று தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். மாவின் வலது கடைவாய்ப் பல் தேயாமல் உள்பக்கமாகச் சரிந்து முள்ளாக நீண்டிருந்தது. முள் நாக்கின் ஓரத்தைக் கிழித்திருந்தது. புது ரணம் ஒன்று. அதற்குக் கீழே ஆறிய தழும்புகள், வரிசையாக.

“எத்தனை நாளா இருக்குமுங்க?”

“மூணு மாசமாவது இருக்கும். ஒவ்வொரு வாய் தீனிக்கும் குத்தியிருக்கும்.” அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. “அந்தக் கன்னத்தத்தான் பாப்பா தடவியிருக்கா.”

நாச்சிமுத்து முதன்முறையாக மேசைக்குக் கிட்டே வந்தார். “மூணு மாசமா வலிச்சுதுன்னா, அப்பவே ஒரு வார்த்தை காட்டக்கூடாதுங்களா? இத்தன நாளு பேசாம இருந்துட்டு ஒரே நாள்ல கடிக்கறதுன்னா என்னங்க நாயம்?”

விளக்கம் சொல்வதென்றால் தாரணிக்குக் கொள்ளை ஆசை. மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தாள். “இது முயலோட மூளைன்னு வெச்சுக்கோங்க. ஒரு ஆபத்தோ வலியோ வந்தா, இந்த முடிச்சுல மணி அடிக்கும். இங்கிருந்து மூணு ரோடு போகுது. முதல் ரோடு, அசையாம ஒடுங்கறது. ரெண்டாவது, தரையத் தட்டி எச்சரிக்கறது, ஓடி ஒளியறது. ரெண்டும் முடியாதபோதுதான் மூணாவது.”

“கடி.”

“கடி. நம்ம மருந்து முதல் ரெண்டு ரோட்டையும் அடைச்சிருச்சு. பட்டாசு வெடிச்சப்ப ஓடல, தட்டல. அதனால பயமே இல்லைன்னு நாங்க எழுதினோம்.” பென்சில் நின்றது. அவள் தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மணி?” என்றார் நாச்சிமுத்து.

“என்னங்க?”

“இல்லீங்க, ரோட்டத்தான அடைச்சீங்க. மணி நின்னுதுங்களா, அடிச்சுக்கிட்டேதான் இருக்குதுங்களா?”

தாரணி படத்தில் மணியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அவரே தொடர்ந்தார். “என்ற பட்டறைக்கு வர்ற மோட்டாருல பாதி எப்படி எரியுதுன்னு தெரியுங்களா? ஸ்டார்ட்டர்ல ஒரு ரிலே இருக்குமுங்க. மோட்டார் திணறுச்சுன்னா அது டக்குனு விழுந்து கரண்ட அறுத்துப்போடும். தோட்டத்துக்காரரு என்ன பண்ணுவாரு? ரெண்டு தடவ போய் போட்டுப் பாப்பாரு. மூணாவது தடவ, இது என்றா சும்மா சும்மா விழுகுதுன்னு ஒரு குச்சியச் சொருகிப்போட்டு வந்துருவாரு. அப்பறம் மோட்டார் சத்தமே இல்லாம நல்லா ஓடும், ஒரு நாளு காயில் எரிஞ்சு பொகையற வரைக்கும். கேட்டா, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு, திடீர்னு எரிஞ்சு போச்சும்பாரு.” சிரித்தார். “அந்தக் குச்சியாலதானுங்க எனக்குப் பொழப்பே ஓடுது.” உடனே தாரணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “உங்களச் சொல்லலீங்க.”

“என்னைத்தான் சொல்றீங்க,” என்றாள் தாரணி. “சரியாத்தான் சொல்றீங்க.”

மாவுக்கு மயக்கம் கொடுத்துப் பல்லை அராவிச் சமப்படுத்தினாள். பிறகு பின்கட்டுக்குப் போய் எட்டு முயல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இந்த முறை கிருமியைத் தேடவில்லை. ஒன்றுக்குக் காதின் அடியாழத்தில் சீழ். ஒன்றுக்கு உள்ளங்கால் புண். இரண்டுக்குச் சிறுநீர்ப் பையில் கல். ஒன்றுக்கு விலா எலும்பில் பழைய விரிசல்; யாரோ ஒரு குழந்தை கீழே போட்டிருக்க வேண்டும். எட்டுக்கும் வலி இருந்தது. எட்டும் அமைதியாக இருந்தன. சாதாரண முயலாக இருந்திருந்தால் தொட வந்த கைக்கு முன்னால் தரையை டொம்மென்று தட்டியிருக்கும், ஒளிந்திருக்கும், வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோவென்று தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இவை திடீரென்று கடிக்கவில்லை. மாதக்கணக்காகச் சொல்ல முயன்றிருக்கின்றன. சொல்லும் வாயைத்தான் அவள் மூடியிருந்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு பொறி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிவிட்டால் அவளுக்கு எப்போதும் வரும் சந்தோஷம். பிற்பாடு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கு மிகவும் கூச்சம் தந்தது அதுதான்.

இந்த முயல்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க அமைத்த விசாரணைக் குழுவில் ஐந்து பேர். அதற்குள் மாவட்டத்தில் நாற்பத்து மூன்று கடிகள். கடைசியாக ஒரு பதினோரு மாதக் குழந்தையின் இமை கிழிந்திருந்தது. தாரணி தன் படத்தைப் பெரிதாக வரைந்து எடுத்துப்போயிருந்தாள். மணி, மூன்று ரோடுகள், ரிலேயில் சொருகிய குச்சி. இந்த முயல்களுக்கு நோயில்லை, வெறியில்லை, கெட்ட குணம் இல்லை. இவற்றுக்கு வலிக்கிறது, அவ்வளவுதான் என்று முடித்தாள். முயல்கள் பிழைத்தன என்றே நினைத்தாள். குழுத் தலைவர்கூடத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குழந்தை மருத்துவர் ஷகிலா பானு மட்டும் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தார். கிழிந்த இமையைத் தைத்தவர் அவர்தான்.

“ரொம்பத் தெளிவாப் புரிஞ்சுது, டாக்டர். மூணே மூணு சந்தேகம். மருந்து போட்ட முயல்கள்ல எது கடிக்கும்னு கடிக்கறதுக்கு முன்னாடி நம்மால சொல்ல முடியுமா?”

தாரணி வாயைத் திறந்தாள். பதில் தன் படத்திலேயே இருந்தது. “முடியாது. அடையாளம் காட்டற வழியத்தான் நாம அடைச்சிட்டோமே.”

“வலியே வராம வாழ்ந்து முடியற முயல் உண்டா?”

“இல்ல. வயசானா ஏதாவது வரும்.”

“மருந்தோட வேகம் எப்பவாவது குறையுமா?”

“குறையாது. அது நிரந்தரம்.”

‘நிரந்தரம்’ என்று மருந்துப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருந்தார்கள். அச்சுக்குக் கொடுத்த தாளில் அந்தச் சொல்லை எழுதியவள் அவள்தான். சோதனை முயல்களைப் பதினெட்டு மாதம் கவனித்திருந்தார்கள்; பதினெட்டு மாதமும் மருந்து அசையவில்லை. அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. எத்தனை நாள் பார்த்தீர்கள் என்று அந்த அறையில் யாரும் கேட்கவுமில்லை. அவள் பேச்சில் அவ்வளவு உறுதி இருந்தது.

“வெளிய விடாமக் கூண்டுலயே வெச்சுக்கச் சொன்னா என்னங்க?” என்றார் தலைவர்.

“முயல் இருக்கிற வீட்டுல அதத் தொடாம இருக்கற குழந்தைய எனக்குக் காட்டுங்க, சார்,” என்றார் ஷகிலா பானு. அவர் குரலில் கோபம் இல்லை. “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எந்த நேரத்துல, யார் மூஞ்சியில விழும்னு தெரியாத ஒண்ண வீட்டுக்குள்ள வெச்சுக்குங்கன்னு நான் கையெழுத்துப் போட முடியாது. டாக்டர் தாரணி எல்லாத்தையும் விளக்கிட்டாங்க.”

மருந்து போட்ட முயல்களை இரண்டு வாரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், ஊசி போட்டு வலியில்லாமல் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாவட்டத்தில் இருநூற்றுப் பதினான்கு. ஊசி போடும் பொறுப்பை வேறு யாருக்கும் விடாமல் தாரணி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாச்சிமுத்து போனில் கூப்பிட்டார். “ஏனுங்க, அதுக்குத்தான் பல்லச் சரி பண்ணிட்டமேங்க. இப்ப பாப்பாகூட நல்லா ஒட்டிக்கிச்சு. மடியிலதான் படுக்குது.”

“இந்தப் பல்லு சரிங்க. அடுத்து ஒரு வலி வந்தா நமக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க பாத்துக்கறமுங்க. தெனமும் வாயத் தொறந்து பாத்துக்கறம்.”

“வாய் மட்டுமா? காது, கால், வயிறு? பாப்பா விரலோட போச்சு. கண்ணா இருந்தா?”

தன் பதில் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று நினைத்த தாரணிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மருத்துவமனைக் கூடத்தில் இரண்டு நாள் வேலை. முதல் நாள் நூற்றிருபதுக்கு மேல் முடிந்தன. வந்தவர்களில் சிலர் கூடையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். உடையாம்பாளையத்துக் கிழவர் ஒருவர், “இது பாலக் பிரியனுங்க,” என்று ஒரு கட்டு கீரையையும் வைத்துவிட்டுப் போனார். ஒரு பெண் முயலின் கடைசி நிமிடம்வரை கூடவே நின்று, “தாயி, தாயி” என்று தடவிக்கொண்டிருந்தாள். தாரணி அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் முதலில் தூங்கும் மருந்து, அது மடியில் தலை சாய்த்ததும் இரண்டாவது ஊசி. ஒரு முயலும் திமிறவில்லை, கையை விலக்கவில்லை. தங்களுக்கு முன்னால் என்ன நடந்தாலும் புல் மென்றபடி முறைக்காகக் காத்திருந்தன. அத்தனை முயல்கள் இருந்த கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாம் நாள் மதியம் எட்டுக் கூடைகள் மட்டும் மிச்சமிருந்தன. பட்டியலில் வராதது ஒன்றே ஒன்று. நாச்சிமுத்து மூன்று மணிக்கு வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ் கறை.

“மன்னிச்சுக்குங்க. நேத்தே கொண்டாரச் சொல்லியிருந்தீங்க. பாப்பா ஒளிச்சு வெச்சுப்போட்டா. பட்டறையில காலி ஒயர் டிரம்முக்குள்ள. காலையிலிருந்து தேடி இப்பத்தான் கெடச்சுது. எங்கூடப் பேசறதில்ல அவ.”

“வீட்ல தனியா இருக்காளா?”

“அவங்கம்மா இருக்கறா. பாப்பாதான் வரமாட்டேனுட்டா. டாக்டர் அத்தை மூஞ்சியவே பாக்கமாட்டேனுட்டாளுங்க.”

தாரணி தலையசைத்தாள். மாவைக் கூடையிலிருந்து தூக்கி மேசைமேல் விட்டாள். எடை கூடியிருந்தது. நாக்கு ரணம் நன்றாக ஆறியிருக்கும். ஊசிக்குழலில் மருந்தை ஏற்றிக்கொண்டு, இடது கையை அதன் முதுகை நோக்கி நீட்டினாள்.

மாவு ஓடியது.

மேசை விளிம்பிலிருந்து குதித்து, டைல்ஸ் தரையில் வழுக்கி எழுந்து, மருந்து பீரோவுக்கு அடியில் நுழைந்துகொண்டது. தாரணியின் கை நீட்டியபடியே நின்றது. தவறி விழுந்துவிட்டதாக்கும், அடிபட்டிருக்குமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். மூலையில் ஒட்டிக்கொண்டு, காதுகளை முதுகோடு படியவைத்து, கண்ணின் வெள்ளை தெரிய மாவு அவளையே பார்த்தது. விலா படபடவென்று ஏறி இறங்கியது. அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொம்.

கூடத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்று நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தார். டொம். மறுபடியும்.

தாரணி அப்படியே பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்தாள். சொட்டு மருந்து போட்டு நான்கு வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். மரபணுவின் மூடிய வாய் தானாகத் திறந்திருக்கிறது. அல்லது நரம்பு அடைபட்ட ரோட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தடம் போட்டிருக்கிறது. எதுவாக இருந்தாலும், முதலில் மருந்து பெற்ற முயலுக்கு முதலில் திரும்பியிருக்கிறது. அதற்கடுத்து மருந்து பெற்றவற்றுக்கு இன்னும் சில மாதத்தில் திரும்பியிருக்கும். அதற்கடுத்தவற்றுக்கு அடுத்த வருடம். ஒவ்வொன்றாக, எல்லாவற்றுக்கும். கணக்கு அவள் மனத்தில் தானாகவே ஓடியது. நிறுத்த முடியவில்லை.

“பயந்துக்குச்சாட்டம் இருக்குதுங்க,” என்றார் நாச்சிமுத்து, மன்னிப்புக் கேட்பவர்போல. “நான் புடிச்சுத் தாறனுங்களா?”

“வேண்டாம். தொடாதீங்க.” ஊசிக்குழலைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, கையிலேயே வைத்திருந்தாள். “இப்படி எப்ப இருந்து பண்ணுது?”

“இதுங்களா? ஒரு நாலு நாளா. மிக்சி போட்டா கட்டிலுக்கடியில ஓடிப்போயிருது. நேத்து முந்தாநேத்து பக்கத்து வீட்டு நாய் கொலைச்சதுக்குத் தரையப் போட்டு அந்தத் தட்டுத் தட்டுச்சு. பாப்பா ஓடியாந்து சொன்னா, அப்பா, மாவுக்குப் பயம் வந்துருச்சு, டாக்டர் அத்தைகிட்டச் சொல்லுங்கன்னு.”

நாலு நாள். கூடத்தில் முதல் கூடை வந்து இறங்கியது நேற்றுக் காலையில்.

“சொல்லியிருக்கலாமேங்க,” என்றாள் தாரணி. “ஒரு போன் பண்ணியிருந்தா...”

“பண்ணலாம்னுதான் எடுத்தனுங்க.” அவர் கிரீஸ் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “ஆனா அது மாறவே மாறாதுன்னு நீங்க சொன்னதுதான் எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சுங்களே. படிச்சவங்க பாத்துச் சொன்னது. கொழந்த ஆசைக்குச் சொல்றா, அதப்போயி உங்ககிட்டச் சொல்லி உங்க வேலையக் கெடுக்கறதாங்கன்னு வெச்சுட்டனுங்க.”

எதிர்ச் சுவரோரம் எட்டுக் கூடைகளும் அமைதியாக இருந்தன. அவற்றுக்கப்பால் கதவு சாத்திய பின்னறை. தாரணி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஷகிலா பானுவைக் கூப்பிட வேண்டும், குழுவைக் கூட்டச் சொல்ல வேண்டும், எட்டையாவது நிறுத்த வேண்டும். எழுந்தால் பீரோவுக்கு அடியில் இருப்பது இன்னும் மிரளும். அவள் மெல்ல நகர்ந்து, அதற்கு வெளியேறும் வழி தெரியும்படி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

“அதுவா வெளிய வரட்டும்,” என்றாள். “வந்ததும் பாப்பாகிட்டயே கொண்டுபோயிருங்க. நான் எழுதித் தர்றேன்.”

நாச்சிமுத்துவும் கால் மடக்கிக் கீழே உட்கார்ந்தார். என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை. பீரோவின் அடியைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஏனுங்க, அப்படின்னா மத்ததுகளுக்கும் இப்படி வந்திருக்குமுங்களா?”

தாரணிக்கு விளக்கிச் சொல்ல நிறைய இருந்தது. சட்டைப் பையில் பென்சிலும் இருந்தது.

“தெரியலீங்க,” என்றாள்.